நம் மாவட்டத்துக் கடல்: பழவேற்காடு பார்க்கப் போகிறவர்களுக்கு

(ஆவடியில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடற்கரைச் சுற்றுலா பற்றிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். கடல் என்றதும் நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு முதலில் தோன்றுவது மெரினா. ஒரு நாள் லீவு கிடைத்தால் மாமல்லபுரம். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் கோவா, இலங்கை, பாலி. போகட்டும், போய் வரட்டும். ஆனால் நம் சொந்த மாவட்டத்துக்கு ஒரு கடல் இருக்கிறது என்பதை இந்த அவையில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்? 1997இல் செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்துத் திருவள்ளூர் மாவட்டத்தை அமைத்தபோது பூந்தமல்லி வட்டம் இந்த மாவட்டத்தின் ஒரு கோடி. பொன்னேரி வட்டம் மறு கோடி. அந்த மறு கோடியில், கடலும் ஏரியும் கைகோத்து நிற்கும் இடம்தான் பழவேற்காடு. அம்பத்தூர் 2018இல் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டது. அதனால் உறவு அறுந்துவிடவில்லை.

உறவு என்று நான் சொல்வது வெறும் வருவாய்த்துறைக் கணக்கை அல்ல. ஆடி பிறந்தால் நம் தெருக்களிலிருந்து வேனும் லாரியும் கட்டிக்கொண்டு பெரியபாளையத்துக்குப் போகிறோம். பவானி அம்மனுக்குப் பொங்கல் வைத்து, வேப்பிலை சாத்தி, மொட்டை போட்டுக்கொண்டு திரும்புகிறோம். அந்தக் கோயிலை ஒட்டி ஓடுகிறதே, அதுதான் ஆரணி ஆறு. ஆந்திர மலைகளில் பிறந்து, ஊத்துக்கோட்டை வழியாகப் பெரியபாளையம் வந்து, பொன்னேரியைத் தொட்டு, கடைசியில் பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. தலைமுறை தலைமுறையாக நாம் அந்த ஆற்றங்கரை வரைக்கும் போயிருக்கிறோம். அது போய்ச் சேரும் இடத்துக்குத்தான் போகவில்லை. இன்று அந்த மிச்ச வழியைச் சேர்ந்து போய்ப் பார்ப்போம்.

போவது சுலபம். ரயிலில் போகிறவர்கள் ஆவடியிலோ அம்பத்தூரிலோ ஏறி பேசின் பாலத்தில் இறங்கி, கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் பிடித்துப் பொன்னேரியில் இறங்க வேண்டும். அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ் உண்டு. சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் செங்குன்றம் போய், காரனோடை தாண்டி, தச்சூர் கூட்டுச்சாலையில் வலப்பக்கம் திரும்பினால் பொன்னேரி. விடியற்காலையில் கிளம்பினால் வெயில் ஏறும் முன் ஏரிக்கரையில் நிற்கலாம்.

பொன்னேரியை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். அகத்தீஸ்வரர் கோயிலும் கரிகிருஷ்ணப் பெருமாள் கோயிலும் அங்கே இருக்கின்றன. சித்திரைத் திருவிழாவில் சிவனும் பெருமாளும் ஒரே வீதியில் எதிரெதிரே வந்து சந்திக்கும் உற்சவம் அந்த ஊரின் பெருமை. அதையும் தாண்டிப் போனால் திருப்பாலைவனத்தில் திருப்பாலீஸ்வரர் கோயில். அதன் பிறகு காற்றில் உப்பு வாடை வரத் தொடங்கும். சாலையின் இரு பக்கமும் நிலம் தட்டையாகி, வானம் பெரிதாகும்.

பழவேற்காட்டில் முதலில் பார்க்க வேண்டியது டச்சுக் கல்லறைத் தோட்டம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நுழைவாயிலின் இரண்டு பக்கமும் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். மணற்கடிகாரமும் மண்டை ஓடும் அந்தச் சிற்பங்களில் உண்டு. உன் காலமும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று உள்ளே வருகிறவனுக்கு அவர்கள் சொன்ன செய்தி அது. உள்ளே போனால் நீண்ட கருங்கல் பலகைகள் வரிசையாகக் கிடக்கின்றன. அந்த எழுத்துகளைக் குனிந்து பாருங்கள். நாம் கல்வெட்டில் பார்ப்பதுபோல் அவை குழித்து வெட்டியவை அல்ல. சுற்றியுள்ள கல்லைச் செதுக்கி எடுத்துவிட்டு, எழுத்து மட்டும் மேலே புடைத்து நிற்கும்படி விட்டிருக்கிறார்கள். குடும்ப முத்திரைகள், பூக்கொடிகள், மாலைகள் எல்லாம் அப்படியே. முந்நூற்றைம்பது வருட மழையும் உப்புக்காற்றும் பட்ட பிறகும் பல பலகைகளில் பெயரும் ஆண்டும் தெளிவாகப் படிக்க முடிகிறது. பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கழித்துப் பாருங்கள். எத்தனை இளைஞர்கள், எத்தனை குழந்தைகள் இந்த மண்ணில் அடங்கினார்கள் என்பது புரியும்.

இந்த டச்சுக்காரர்கள் ஏன் இங்கே வந்தார்கள்? துணிக்காக. கிழக்கே மலுக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டுமானால் அங்குள்ளவர்கள் கேட்டது சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியை. பழவேற்காட்டுக் கட்டம் போட்ட கைக்குட்டைத் துணிக்கு உலகமெங்கும் பெயர். 1610இல் விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரின் அனுமதியோடு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே பண்டகசாலை வைத்தது. மயிலாப்பூரில் இருந்த போர்த்துக்கீசியர் 1612இல் வந்து அதை அழித்தார்கள். அதனால் 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டையே கட்டினார்கள். கட்டிய வெம்மர் வான் பெர்கெம் தன் சொந்த மாகாணத்தின் நினைவாக கெல்ட்ரியா என்று பெயர் வைத்தார். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையின் டச்சுத் தலைநகரம் நம் பழவேற்காடுதான். சென்னையில் ஜார்ஜ் கோட்டைக்கு அடிக்கல் விழுவதற்கு முன்பே இங்கே நாணயச்சாலை நடந்தது. வெடிமருந்து செய்து கிழக்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள்.

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. பஞ்ச காலங்களில் பசி தாங்காமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்ட நம் மக்களை ஆயிரக்கணக்கில் இந்தக் கரையிலிருந்து கிழக்கிந்தியத் தீவுகளில் இருந்த பத்தாவியாவுக்கு அடிமைகளாக ஏற்றிப் போனது இதே கம்பெனிதான். அவர்களுக்குக் கல்லறைப் பலகை கிடையாது. கம்பெனிக்காரர்களின் அழகான பலகைகளைப் பார்க்கும்போது பெயர் இல்லாமல் போன அந்த மக்களையும் நினையுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

அதே ஊரில் இன்னொரு அதிசயமும் நடந்தது. 1632 முதல் பத்து ஆண்டுகள் இங்கே பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் உட்கார்ந்து இந்தியச் சமயத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அது 1651இல் ஹாலந்தில் டச்சு மொழிப் புத்தகமாக வந்தது. சமஸ்கிருதக் கவிஞர் பர்த்ருஹரியின் சுலோகங்கள் ஐரோப்பிய மொழி ஒன்றில் முதன்முதலாக அச்சேறியது அந்தப் புத்தகத்தில்தான். அந்த உரையாடல் நடந்த மண் நம் மாவட்டத்து மண்.

கோட்டையைத் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆங்கிலேயர் காலத்தில் அது இடிபட்டது. இன்று முள்காட்டுக்குள் மேடும் அகழியின் தடமும்தான் மிச்சம். இடிந்ததை மீட்டெடுக்கவும் முடியும் என்பதற்கு இந்த இடத்தில் ஜப்பானைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும்.

ஜப்பானின் தென்மேற்குக் கடலோரத்தில் ஹிராடோ என்று ஒரு தீவு. டச்சுக் கம்பெனி அங்கே கடை விரித்தது 1609இல். பழவேற்காட்டுக்கு முந்தைய வருடம். ஒரே கம்பெனி, ஒரே காலம். ஜப்பானியச் செம்பு கப்பலேறிச் சோழமண்டலக் கரைக்கு வந்தது; சோழமண்டலத் துணி ஜப்பானுக்குப் போனது. 1639இல் ஹிராடோவில் டச்சுக்காரர்கள் கல்லால் பெரிய கிடங்கு ஒன்று கட்டினார்கள். அதன் முகப்பில் கிறிஸ்தவ ஆண்டைப் பொறித்தார்கள் என்று காரணம் காட்டி, அதை இடிக்கும்படி ஜப்பானிய அரசு உத்தரவிட்டது. இடித்தார்கள். 1641இல் வியாபாரம் நாகசாகியின் தெஜிமா என்ற செயற்கைத் தீவுக்குப் போனது. அதோடு ஹிராடோவின் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் பழைய ஆவணங்களையும் அகழாய்வையும் வைத்து அதே இடத்தில் அதே கிடங்கை மறுபடி கட்டி, 2011இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். நாகசாகி நகரமும் தெஜிமாவின் கட்டடங்களை ஒவ்வொன்றாக மீட்டுக் கட்டிக்கொண்டு வருகிறது. இன்று அந்தக் கடலோரத்துக்கு வரும் பயணிகள் இவற்றையும் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள்.

அவர்கள் இல்லாததை எழுப்பினார்கள். நாம் இருப்பதைப் போய்ப் பார்க்கவே இல்லை. எனக்கு இது உறுத்துகிறது. உங்களுக்கும் உறுத்த வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து ஊருக்குள் நடங்கள். விஜயநகர காலத்து ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் ராமாயணக் காட்சிகளைச் சின்னச் சின்னச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். அவசரப்பட்டால் ஒன்றும் தெரியாது. கண்ணைக் கிட்டே கொண்டுபோய் நின்று பார்க்க வேண்டும். பள்ளிவாசலில் நிழலைக் கொண்டு நேரம் காட்டும் பழைய கடிகாரம் உண்டு. அனுமதி கேட்டுப் பாருங்கள். இங்கே வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் கடல் வாணிபத்தில் பெயர் பெற்றவர்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் மரபும் அவர்களிடம் இருந்தது. மகிமை மாதா கோயில் போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து வரும் தேவாலயம். பெருமாளும் பள்ளிவாசலும் மாதாவும் ஒரு நடைத் தூரத்தில். ஊருக்குள் பெண்கள் பனையோலையில் கூடை, பெட்டி, தட்டு முடைகிறார்கள். அங்கேயே, அவர்கள் கையிலிருந்தே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள்.

இப்போது ஏரிக்கு வருவோம். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்புநீர் ஏரி இதுதான். பரப்பு ஏறக்குறைய 450 சதுர கிலோமீட்டர்; பெரும்பகுதி ஆந்திராவில். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மணல் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் புறப்படும் நாளில் நாம் ஆவடி மொட்டை மாடியில் நின்று வானத்தில் ஒரு வெளிச்சக் கோட்டைப் பார்க்கிறோம் அல்லவா? அது எழும்புவது இந்த ஏரியின் மறுகரையிலிருந்து.

இந்த ஏரி உயிரோடு இருப்பதன் ரகசியம் முகத்துவாரத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் ஏறி இறங்கும். இரண்டும் கலந்த தண்ணீரில்தான் இங்கத்து எறா வளர்கிறது. அது முட்டை விட்டுப் பிறப்பது கடலில். குஞ்சாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, பிறகு கடலுக்கே திரும்புகிறது. வழி அடைந்தால் எறா இல்லை, நண்டு இல்லை, மடவை இல்லை. கோடையில் மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபடும்போது தண்ணீரில் உப்பு ஏறி ஏரியே மூச்சுத் திணறுகிறது.

இவ்வளவு மென்மையான ஏரியை மீனவர்கள் காலங்காலமாகப் பங்கிட்டு வைத்திருக்கும் முறைக்குப் பெயர் பாடு. சுத்து வலை போடும் இடங்களையும் நாட்களையும் கிராமங்களுக்குள் பிரித்துக்கொண்டு, எந்தக் குடும்பத்துக்கு எந்த இடம், எந்த முறை என்று குலுக்கல் போட்டு முடிவு செய்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது. ஏரியைச் சுரண்டவும் முடியாது. இந்த ஏற்பாட்டைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கரையில் வலை சீர்செய்துகொண்டிருக்கும் பெரியவரிடம் ஒரு வணக்கம் சொல்லி, "பாடுன்னா என்னாங்கய்யா?" என்று கேளுங்கள். எந்தப் புத்தகத்தையும்விட நன்றாகச் சொல்வார்.

ஆழமில்லாத ஓரங்களில் இன்னொரு காட்சி காணலாம். இருளர் சமூகத்து ஆண்களும் பெண்களும் இடுப்பளவு நீரில் வரிசையாக உட்கார்ந்தபடியே நகர்வார்கள். கைகள் இரண்டும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே போகும். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். விரலில் எறா தட்டியதும் கை நீரிலிருந்து எழுந்து பறிக்குள் போட்டுவிட்டு மறுபடி மூழ்கும். வலையும் இல்லை, படகும் இல்லை. நாம் கடையில் கிலோ கணக்கில் நிறுத்து வாங்கும் எறாவுக்குப் பின்னால் மணிக்கணக்கில் தண்ணீரில் ஊறிய விரல்கள் இருக்கின்றன. கேட்காமல் அவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

பறவைகளுக்காகப் போகிறவர்களுக்கு மார்கழியும் தையும் ஏற்ற காலம். அண்ணாமலைச்சேரி பக்கம் விசாரித்துப் போனால் பூநாரைக் கூட்டம் கண்ணில் படலாம். தூரத்தில் வெள்ளையாகத் தெரியும். கையில் பைனாகுலர் இருந்தால் ஒரே ஒரு பறவையை மட்டும் சிறிது நேரம் பாருங்கள். நீண்ட கழுத்தை வளைத்து, தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் கொடுத்து, அலகால் சேற்று நீரை இழுத்து வடிகட்டித் தள்ளும். நுண்பாசியும் சிற்றுயிர்களும் உள்ளே தங்கும். அதன் இறகின் இளஞ்சிவப்பு அந்த உணவிலிருந்து வருவது. ஏரி கெட்டால் அந்த நிறமே கெடும். பறவை சிறகை விரித்துப் பறக்கும்போது உள்ளேயிருக்கும் செந்நிறம் தெரியும். அதைப் படம் எடுப்பதற்காகக் கல்லெறிவதும் கூச்சல் போடுவதும் பாவம். கடல் கடந்து வரும் உள்ளான்களும், கூழைக்கடாக்களும், ஆலாக்களும் அதே நீரில் இரை தேடுகின்றன. மாலையில் பாலத்தைக் கடந்து கலங்கரை விளக்கம் பக்கம் போனால் ஆளரவம் குறைந்த நீண்ட கடற்கரை. அலை பலமானது, குளிக்க இறங்காதீர்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். சுற்றிப் பார்க்க வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு இங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பயணிகளைப் படகில் ஏற்றத் தடை வந்தது. "ஒரு ரவுண்டு கூட்டிப் போகிறேன்" என்று யாராவது கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் மறுத்துவிடுங்கள். முறையான அனுமதியும் உயிர்காப்புக் கவசமும் உள்ள படகுப் பயணம் ஒரு நாள் வர வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அது வரும் வரை கரையிலிருந்து பார்ப்பதே போதும்.

கடைசியாக, நான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டதற்கான காரணம். இந்த ஏரிக்குப் பல பக்கமும் நெருக்கடி. தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்து நம் கொசஸ்தலை ஆற்றின் வாய் பாழ்பட்டதைப் பார்த்துவிட்டோம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் தொடர்ந்து எதிர்த்து வருகிறார்கள். கரை அரித்து முகத்துவாரம் கெடும் என்பது அவர்கள் அச்சம். அந்தக் குரல் தனியாக ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஏனென்றால் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி வாழும் லட்சக்கணக்கான நம்மில் பலருக்கு அது முன்பின் பார்த்திராத ஊர். பார்க்காத ஊருக்காக யாரும் பேச மாட்டார்கள். நம் வீட்டு வாசலில் இருந்த ஏரிகளுக்கு என்ன ஆனது என்று அம்பத்தூர்க்காரர்களுக்கும் கொரட்டூர்க்காரர்களுக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அந்த அனுபவம் உள்ள நாம்தான் பழவேற்காட்டுக்காக முதலில் பேச வேண்டியவர்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. வருகிற தை மாதத்துக்குள் உங்கள் குடும்பத்தோடு ஒரு முறை பழவேற்காடு போய் வாருங்கள். ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்துப் போங்கள். தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டுத் தட்டும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். குப்பையை அங்கே விடாதீர்கள். ஊர்ப் பெண்கள் சமைக்கும் மீன் குழம்பைக் காசு கொடுத்துச் சாப்பிடுங்கள். திரும்பி வந்ததும் கல்லறைத் தோட்டத்தையும் கோட்டை மேட்டையும் ஏரியையும் முறையாகப் பராமரிக்கக் கேட்டு, மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் வனத்துறைக்கும் ஆளுக்கொரு கடிதம் எழுதுங்கள். நேரில் பார்த்தவர்கள் எழுதும் கடிதத்துக்குத் தனி வலிமை உண்டு. அந்தக் கடிதங்கள் ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் போகட்டும்.